காற்று வாங்கவும் காய் வாங்கவும்

புதுச்சேரியில் பொழுது சாய்ந்ததும் கடற்கரைச் சாலையில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை வரையில் அந்தச் சாலை கால்களுக்கே சொந்தம். குழந்தைகள் ஓடுகின்றன. தாத்தாக்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சாலையின் நட்டநடுவில் அரசியல் பேசியபடி போகிறார்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்து அவர்களை விரட்ட ஒருவருமில்லை. காந்தி சிலைக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றவர்கள், இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்றுதான் வாழ்த்துவார்கள்.

அங்கிருந்து மேற்கே திரும்பிப் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் நேரு வீதி வந்துவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அதற்கு டூப்ளே வீதி என்று பெயர். பெரிய மார்க்கெட் அந்த வீதியை ஒட்டித்தான் இருக்கிறது. கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும், பள்ளிக்கூடம் திறந்தால் பை வாங்குவதும், அன்றாடம் மீனும் கீரையும் வாங்குவதும் ஊர் ஜனங்களுக்கு அங்கேதான். அங்கே நடக்கிறவரின் கதி என்ன? நடைபாதை இருக்கிற இடத்தில் அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. மோட்டார் சைக்கிள் நிற்காத இடத்தில் கடைக்காரரின் போர்டு நிற்கிறது. இரண்டும் இல்லாத இடத்தில் சாக்கடை மூடி ஆடுகிறது. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக வருகிற பெண் வேறு வழியில்லாமல் வீதியில் இறங்குகிறாள். இறங்கிய மறுகணமே ஹாரன்! வீதியில் நடந்தது அவள் குற்றமாம்.

இந்த இரண்டு சாலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் நகர நிர்வாகத்தின் மனம் விளங்கிவிடும். காற்று வாங்கப் போகிறவருக்கு ராஜபாட்டை. காய் வாங்கப் போகிறவருக்கு ஹாரன். நடப்பது என்பது பொழுதுபோக்கு, உல்லாசப் பயணிக்கு அளிக்கும் உபசாரம் என்று நினைக்கிறார்கள். வேலைக்காகவும் வயிற்றுக்காகவும் நடக்கிறவரை அவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒரு சிறு நகரத்தின் கடைத்தெருவைத் திருத்தி அமைப்பதென்றால், முதலில் திருத்த வேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2015-இல் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. 2017-இல் புதுச்சேரியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இப்படிப்பட்ட திட்டங்கள் வரும்போதெல்லாம் ஊர்கள் தோறும் முதலில் முளைப்பவை அலங்கார விளக்குகள், பளிங்குபோல் வழுக்கும் கற்கள், ஊர்ப் பெயரை எழுதி நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு வளைவு. படத்தில் ஊர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுபது வயதுப் பாட்டி மார்க்கெட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரையில் தடுக்கி விழாமல் போக முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாத திட்டம் எத்தனை கோடி செலவில் நிறைவேறினாலும் அது முகப்பூச்சுதான்.

இத்தனைக்கும் நடப்பதற்கென்றே வகுத்தாற்போல் அமைந்த ஊர் அது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சில ஆண்டுகள் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள், சதுரங்கப் பலகைபோல் வீதிகளுக்குத் திட்டம் வகுத்தார்கள். பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே கொண்டு செலுத்தினார்கள். நான்கு பக்கமும் அகன்ற சாலைகள் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அரைமணி நேரத்துக்குள் நடந்து கடந்துவிடலாம். குறுக்கே ஓடுகிற பெரிய வாய்க்கால் ஒரு காலத்தில் வெள்ளைப் பட்டணத்தையும் கறுப்புப் பட்டணத்தையும் பிரித்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954-இல். ஆனால் நடக்கிறவருக்குக் கிடைக்கும் மரியாதையை அளந்து பார்த்தால், அந்த வாய்க்கால் இன்னும் பிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

வாய்க்காலுக்கு மேற்கே இருந்த தமிழர்கள் வீதி அமைக்கத் தெரியாதவர்களா? அங்குள்ள பழைய வீடுகளைப் பாருங்கள். சுவரை ஒட்டித் திண்ணை. அதற்கும் முன்னால், தெருவின் மேல் தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம். வெயிலில் வருகிறவர் தாழ்வாரத்து நிழலில் நடந்தார். களைத்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். யார் நீ, எதற்கு உட்கார்ந்தாய் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. தெருவில் போகிறவரை விருந்தாளியாக நினைத்த சமூகம் கட்டிய தெரு அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வைசியாள் வீதியில் அத்தகைய வீட்டு முகப்புகளைப் பழையபடி செப்பனிட்டார்கள். 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. விருதைப் பாராட்டிவிட்டு, அந்த வீதி சொல்லிக்கொடுத்த பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம். தாழ்வாரத்தை இடித்து, திண்ணையைப் பெயர்த்து, அந்த இடத்தில் இரும்புக் கதவு போட்டுக் காரை நிறுத்துவதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

வண்டியை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள் கடைக்காரர்கள். வயிற்றுப் பயம் நியாயமான பயம். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் அவர்களையே ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் காந்தி வீதியில் கூடுகிறதே சண்டே மார்க்கெட், அங்கே யார் கார் ஓட்டிக்கொண்டு வந்து சட்டை வாங்குகிறார்கள்? தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் முழுவதும் நடந்து வந்த கூட்டம். காசு கொடுத்துச் சாமான் வாங்குவது காரா, மனிதனா?

உள்ளூர் உதாரணம் போதாதென்றால் ஸ்பெயின் தேசத்துக்குப் போவோம். அங்கே பொந்தெவேத்ரா என்று ஒரு சிறு நகரம். ஜனத்தொகை எண்பதாயிரத்துச் சொச்சம். 1999-இல் பதவிக்கு வந்த மேயர், பழைய நகரத்தின் மையத்திலிருந்து வண்டிகளை வெளியேற்றினார். தெருவுக்கும் நடைபாதைக்கும் இடையே இருந்த மேடு பள்ளத்தை எடுத்து ஒரே தளமாக்கினார்கள். ஊருக்கு வெளியே இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுத்தார்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை நிமிஷ நடை என்று ரயில் படத்தைப் போல் ஒரு படம் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பலன் என்ன? 1996 முதல் 2006 வரை அந்தத் தெருக்களில் விபத்தில் இறந்தவர்கள் 30 பேர். அடுத்த பத்தாண்டில் இறந்தவர்கள் 3 பேர். ஆள் குடியிருக்க அஞ்சிய நகர மையத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் குடிவந்தார்கள். ஊருக்கு வெளியே பெரிய வணிக வளாகங்கள் எழும்ப அனுமதி கொடுக்காததால் சின்னக் கடைக்காரர்களும் பிழைத்தார்கள். வண்டியைத் துரத்தியதால் மூழ்கிப்போனார் என்று அந்த மேயரை ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள்.

அது குளிர் தேசம், இங்கே வெயில் கொளுத்துகிறதே என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். வெயிலுக்கு மருந்து மரமும் தாழ்வாரமும். இன்ஜினும் புகையும் அல்ல.

இன்னொரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். கடைத்தெருவை அழகு செய்வது என்றதும் நம் அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது, கூடை வைத்துப் பூ விற்கிற அம்மாளை விரட்டுவது. பாதையை அடைத்துக்கொண்டு பகலெல்லாம் நிற்கிற கார் அவர்கள் கண்ணில் படாது. நாலு முழம் பூ வைத்திருக்கிற கூடை மட்டும் ஆக்கிரமிப்பாகிவிடும். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் பாராளுமன்றமே சட்டம் செய்திருக்கிறது. ஊருக்கு ஒரு குழு வேண்டும், அதில் 100-க்கு 40 பேராவது வியாபாரிகளே இருக்க வேண்டும், கணக்கெடுப்பு முடியுமுன் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். பூக்காரியும் இளநீர்க்காரரும் இல்லாத கடைத்தெரு வெறும் கண்காட்சி. அவர்களுக்கும் அளந்து ஓர் இடம் கொடுத்துவிட்டால், நடக்கிறவரும் பிழைப்பார், விற்கிறவரும் பிழைப்பார்.

செய்ய வேண்டியது ஒன்றும் மந்திர வித்தை அல்ல. நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், நடுவில் தடங்கல் ஏதுமில்லாமல் வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேராயமே விதி வகுத்து வைத்திருக்கிறது. நேரு வீதியில் அதை அளந்து கொடுங்கள். பெரிய மார்க்கெட்டை இடிப்பதா, செப்பனிடுவதா என்று ஆண்டுக்கணக்கில் நடக்கிற சர்ச்சையில், அங்கே கடை வைத்திருப்பவர்களின் பேச்சை முதலில் கேளுங்கள். சாமான் ஏற்றி இறக்குகிற வண்டிகளுக்குக் காலையில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஆம்புலன்சுக்கும், நடக்க இயலாதவர்களை ஏற்றி வரும் வண்டிக்கும் எப்போதும் வழி விடுங்கள். மற்ற வண்டிகளைச் சுற்றியுள்ள அகன்ற சாலைகளில் நிறுத்தச் சொல்லுங்கள். மாலையானதும் கடற்கரையில் வைக்கிற தடுப்பில் இரண்டை எடுத்துவந்து நேரு வீதியின் இரு முனைகளிலும் வையுங்கள். முதலில் ஒரு மாதம் செய்து பாருங்கள். கடைக்காரரின் கல்லாப்பெட்டியே தீர்ப்புச் சொல்லட்டும்.

இதை எதிர்த்து முதல் குரல் எழுப்பப் போகிறவர்கள் பெரிய பணக்காரர்கள் அல்ல. அவர்கள் நேரு வீதிக்கு வருவதே அபூர்வம். கடை வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே அரைக் கிலோ தக்காளி வாங்கிப் பழகிய மத்தியதர வர்க்கத்தார்தாம் எதிர்ப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரைச் சாலையில் மாலைதோறும் நடந்துவிட்டு, ஊர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வெளியூர் உறவினரிடம் பெருமை பேசுகிறவர்களும் நீங்கள்தாம். அந்தப் பெருமை உண்மையானால் அதைக் கொஞ்சம் மேற்கே கொண்டுவாருங்கள். கீரை வாங்கப் போகிற பெண்ணுக்கு அந்தப் பெருமையில் பாதியாவது சேர வேண்டும்.