யுத்த மணியும் ஜாதகப் புரட்டும்

சென்னைக்குத் தெற்கே சிறுசேரி வரையில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்திருக்கின்றன. அதே கம்ப்யூட்டரைக் கொண்டு ஜாதகமும் கணித்துக் கொடுக்கிறார்கள். “யுத்த காலத்தில் பிறந்தவர்களுக்குக் கடிகார மணியில் ஒரு மணியைக் கழித்துவிட்டு ஜாதகத்தைத் திருத்த வேண்டும்” என்கிறார்கள் ஜோதிடர்கள்.

தோழர்களே! கடிகார விஷயம் உண்மைதான். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை வெள்ளைக்கார சர்க்கார், யுத்தத்தை முன்னிட்டு, நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தது. 6 மணிக்கு உதித்த சூரியன் 7 மணிக்கு உதித்ததாயிற்று. சூரியன் மட்டும் சர்க்கார் உத்தரவுக்குக் கட்டுப்படாமல் எப்போதும்போலவே உதித்து வந்தான்.

லக்கினமென்பது நாளைக்குப் பன்னிரண்டு. சுமார் இரண்டு மணிக்கொன்று மாறுவது. எனவே, யுத்த மணியை அப்படியே வைத்துக் கணித்த ஜாதகங்களில் ஏறக்குறையப் பாதிக்கு லக்கினமே தப்பு. லக்கினம் ஒன்று பின்னுக்குப் போனால் இரண்டாமிடத்துச் செவ்வாய் மூன்றாமிடத்துச் செவ்வாயாகிவிடும். அதாவது, செவ்வாய் தோஷக்காரி என்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு அவர்கள் சாஸ்திரப்படியே தோஷம் கிடையாது! அவள் தலையில் தோஷத்தை எழுதியது பிரம்மாவா, கடிகாரத்தைத் திருப்பிய சர்க்காரா?

அப்படி ஒதுக்கப்பட்ட பெண் யாராயிருந்தாலும் இன்று எண்பதை ஒட்டிய கிழவி. இப்போது ஜாதகத்தைத் திருத்திவிட்டால் போன வாலிபம் திரும்பி வருமா?

“கணக்குத்தான் தப்பு, சாஸ்திரம் தப்பல்ல” என்பார்கள். சரி, நாம் ஒன்று கேட்கின்றோம். அந்த மூன்று வருஷக் குழந்தைகளுக்கு, தப்பான ஜாதகத்தை வைத்துக்கொண்டே பொருத்தம் பார்த்தீர்கள், முகூர்த்தம் வைத்தீர்கள், தட்சணையும் வாங்கினீர்கள். “பலன் ஒத்துவரவில்லையே, பிறந்த நேரத்தில் ஒரு மணி கோளாறு இருக்கிறது” என்று பலனைப் பார்த்தே கண்டு சொன்னவர் உங்களில் உண்டா? சர்க்கார் உத்தரவைப் பார்த்தல்லவா தெரிந்துகொண்டீர்கள்? தப்பு ஜாதகமும் சரி ஜாதகமும் ஒன்றுபோலவே “பலிக்கும்” என்றால் ஜாதகத்திற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இது பழங்கதையென்று தள்ளவேண்டாம். இலங்கையில், மின்சாரப் பஞ்சத்தை முன்னிட்டு, 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய மணிக்கு வந்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது கலியாண வயது. மின்சாரக் கணக்கா இவர்களுக்குப் புருஷனையும் பெண்சாதியையும் பொறுக்குவது?

தோழர்களே! தப்பு ஜாதகத்தைத் திருத்த மறுபடியும் பணம் கொடுக்காதீர்கள். மாப்பிள்ளையின் குணத்தைப் பாருங்கள். படிப்பையும், உடம்பின் ஆரோக்கியத்தையும், பெண்ணின் சம்மதத்தையும் பாருங்கள். இவையெல்லாம் கடிகாரத்தைத் திருப்புவதால் மாறுவன அல்ல.