எல்.எல்.ஆர். எடுக்கத் தயங்கலாமா?

கொழுந்து கிள்ளிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்க முன்வந்திருக்கிறார்கள். வித்துரா, பொனக்காடு, பொன்மூடி வட்டாரத்தில் தேயிலைத் தொழில் நலிந்தபின் அவர்களுக்குத் தெரிந்த வழிகளில் இது ஒன்று. பொன்மூடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு டாக்சி வேண்டும். கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவரப் பிக்கப் வேன் வேண்டும். ஓட்ட ஆள் வேண்டும்.

வண்டி ஓட்டத் தெரிந்த தமிழர்கள் இங்கே நிறைய உண்டு. ஆனால் ஓட்டத் தெரிந்த எல்லோரிடமும் உரிமம் உண்டா என்றால், இல்லை. முதற்படியான பழகுநர் உரிமத்துக்கே, அதாவது எல்.எல்.ஆருக்கே, மனுப் போடாதவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். "படிப்பு இல்லை, விலாசத்துக்கு அத்தாட்சி இல்லை, பரீட்சை மலையாளத்தில் இருந்தால் என்ன செய்வது?" மூன்றையும் பரிசீலிப்போம்.

முதலாவது, படிப்பு. வாடகை வண்டி, சரக்கு வண்டி ஓட்டுகிறவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மத்திய விதி இருந்தது. 2019-ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பலர் அந்தப் பழைய விதியை நினைத்துக்கொண்டே ஒதுங்கியிருக்கிறார்கள். தொழிலாக வண்டி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதோடு, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டாக்சியையோ சரக்கு வண்டியையோ ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் 2024 நவம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. உழைத்துப் பிழைக்க நினைப்பவருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய வாசல்.

இரண்டாவது, விலாசம். லயத்தில் குடியிருப்பவருக்கும் வாடகை அறையில் நான்கு பேரோடு தங்கியிருப்பவருக்கும் வீட்டு வரி ரசீது எங்கிருந்து வரும்? சட்டம் இதற்கும் இடம் வைத்திருக்கிறது. வாக்காளர் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட், எல்.ஐ.சி. பாலிசி போன்றவற்றில் ஒன்று இருந்தால் போதும். எதுவும் இல்லாதவர், தக்க காரணம் காட்டி, நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்த பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். வயதுக்கும் விலாசத்துக்கும் அதை ஏற்றுக்கொள்ள அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. விதி இருப்பது தெரியாததால்தான் தரகர்களின் கை ஓங்குகிறது.

பழகுநர் உரிமத்துக்கு 2016-இல் மத்திய அரசு வகுத்த கட்டணம், ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய். தேர்வுக்கு 50 ரூபாய். மாநில அரசின் சேவைக் கட்டணம் தனி. தரகர் கேட்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். "சாரதி" இணையத்தளத்தில் மனுவைப் பதிய வேண்டும். தனக்குத் தெரியாவிட்டால் அக்ஷயா மையத்தில் பதிந்து கொடுப்பார்கள். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவச் சான்றிதழையும் சேர்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் எடுத்த உரிமம் கையில் இருப்பவர் இங்கே இன்னொன்று எடுக்கவும் கூடாது. ஒருவருக்கு ஒரு ஓட்டுநர் உரிமம்தான். அது இந்தியா முழுவதும் செல்லும். நெடுமங்காட்டில் வாங்கியது தென்காசியிலும் செல்லும். தென்காசியில் வாங்கியது நெடுமங்காட்டிலும் செல்லும்.

மூன்றாவது, மொழி. இதுவே பெரிய தடை. எழுத்துத் தேர்வில் கேட்பது பெரிய சாஸ்திரம் அல்ல. சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, காவலாளி இல்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய பத்திரங்கள் ஆகியவைதான். நூற்றுக்கு 60 சரியாக இருந்தால் தேர்ச்சி. சாலையில் ஆண்டுக்கணக்காக நடந்தவருக்கு விடை தெரியும், கேள்விதான் புரியாது. புரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் பொத்தானை அழுத்தித் தேறுகிறவர், பொன்மூடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்குப் பாதுகாப்பு? இது தமிழருக்குச் சலுகை கேட்கும் விஷயம் அல்ல. அந்தச் சாலையில் போகும் மலையாளியின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

சிங்கப்பூரில் சாலை விதித் தேர்வைத் தமிழில் எழுதலாம். துபாயில் மலையாளிகள் மலையாளத்திலேயே எழுத வசதி இருக்கிறது. கடல் கடந்து கிடைப்பது, மலை கடந்து வந்தவனுக்குக் கிடைக்கக் கூடாதா? கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. ஆகவே மனுப் போடும்போதே தேர்வு மொழி தமிழ் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் திருவனந்தபுரத்திலுள்ள போக்குவரத்துக் கமிஷனருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். கேட்காத உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

"பிடித்தால் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. 2019 செப்டம்பர் முதல் உரிமமின்றி ஓட்டுவதற்கு அபராதம் 5,000 ரூபாய். வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் தனியாக அதே தொகை. சிறுவனிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பையனுக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. பாசத்தால் கொடுக்கும் சாவி பிள்ளையின் பிழைப்பையே பூட்டிவிடும்.

அபராதத்தை ஒரு மாதக் கூலியில் கட்டிவிடலாம். விபத்தைக் கட்டி முடிக்க முடியாது. ஓட்டியவரிடம் உரிமம் இல்லையெனில், அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தைக் காப்பீட்டுக் கம்பெனி வண்டிச் சொந்தக்காரரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. கடன் வாங்கி வண்டி எடுத்தவர் என்ன ஆவார்? அதே சமயம், பழகுநர் உரிமம் உள்ளவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒரு சிறு காகிதத்தின் மதிப்பு இது.

அந்தக் காகிதம் ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்தபின் ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும். கார் பழகுகிறவர் பக்கத்தில் உரிமம் பெற்றவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்குக்கு எட்டுப் போடுவதும் காருக்கு 'எச்' போடுவதும் பிறகு வருபவை. முதற்படி ஏறாதவன் மாடிக்குப் போக முடியாது.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. நெடுமங்காடு அலுவலகத்தில் தமிழ் வினாக்கள் தடையின்றிக் கிடைக்கும் என்று தமிழிலேயே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்கி வருகிறவர்களுக்காக, மாதம் ஒரு நாள் வித்துராவிலேயே முகாம் நடத்த வேண்டும். செலவு அதிகம் ஆகாது, மனம்தான் வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்க் குமாஸ்தாக்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, பக்கத்து லயத்துப் பையனுக்குச் சாலைக் குறிகளைச் சொல்லிக் கொடுக்கலாமே! தரகரிடம் போகும் கால்கள் நேரே அலுவலகத்துக்குப் போக அதுவே வழி.