நொண்டினால் கைத்தடி, நிமிர்ந்து நடந்தால் ஆயுதமா?

போன வருடம் வைகாசியில் கேதார்நாத் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பனி, மந்தாகினி, தரிசனம் எல்லாம் பிறகு எழுதுகிறேன். முதலில் என் கைத்தடியைப் பற்றி எழுதியாக வேண்டும். ஒரு வருடமாகியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

நான் நில அளவைத் துறையில் இருந்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், சோமாசிபாடி வரப்புகளில் சங்கிலி இழுத்து நடந்த கால்கள் இவை. அப்போதே கையில் ஒரு தடி இருக்கும். பாம்புக்கு, நாய்க்கு, முள்ளை ஒதுக்குவதற்கு, சேற்றில் ஆழம் பார்ப்பதற்கு. ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை ஜமுனாமரத்தூர் போனபோது ஒரு பெரியவர் கல் மூங்கிலில் தடி ஒன்று வெட்டிக் கொடுத்தார். கல் மூங்கில் உள்ளே கெட்டியாக இருக்கும், சுலபத்தில் பிளக்காது. நானே அனலில் வாட்டி நேராக்கி, விளக்கெண்ணெய் தடவி, நுனியில் ரப்பர் மாட்டினேன். பதினோரு வருடம், அநேகமாக எல்லாப் பௌர்ணமிக்கும், 14 கிலோமீட்டர் கிரிவலம் அதனோடுதான்.

எனக்குக் கால் ஊனம் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், விவகாரமே இதில்தான் இருக்கிறது. கடைத்தெருவுக்குப் போக எனக்குத் தடி வேண்டாம். பத்து கிலோமீட்டர் தாண்டினால், அதுவும் இறக்கத்தில், வலது முழங்கால் கெஞ்ச ஆரம்பிக்கும். அப்போது இடது கையில் தடி இருந்தால் பாரத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். (வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில்தான் தடி பிடிக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் மாற்றிப் பிடித்து இடுப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். அதுதான் சரியான உயரம்.)

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 2013 ஜூன் வெள்ளத்துக்கு முன் 14 கிலோமீட்டர் ஏற்றம். வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனபின் போட்ட புதுப் பாதை சுமார் 16 கிலோமீட்டர். கோவில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். குதிரை, டோலி, ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. நான் நடந்துதான் போவேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி, "அந்தத் தடிய மறக்காம எடுத்துக்குங்க" என்றாள்.

எந்த ஊர் விமான நிலையம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே நின்ற பையன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. கவுண்டரில் பெட்டியைப் போட்டபோது தடியைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. சோதனை வாசலில் அந்தச் சீருடைப் பையன் தடியைக் கையில் வாங்கி எடை பார்த்தான். பிறகு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து கேட்டான்: இது இல்லாமல் உங்களால் நடக்க முடியுமா?

முட்டாள் நான். பெருமையாக, "தாராளமாக" என்று சொல்லி, பத்தடி நடந்தும் காட்டினேன்.

அப்படியானால் உள்ளே விட முடியாது என்றான். பெட்டியில் போடச் சொன்னான். பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. திரும்பக் கவுண்டருக்குப் போய்த் தனியாகப் பதிவு செய்ய நேரம் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவரும் என் வயதுதான். நாலு கால் வைத்த அலுமினியத் தடி, என்னுடையதைவிடக் கனம். கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். எக்ஸ்ரேயில் போட்டு எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவருக்குக் கொடுத்தது நியாயம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கூட வந்த வேட்டவலம் தலைமையாசிரியர் என் காதில், "சார், நீங்களும் ரெண்டு அடி நொண்டியிருக்கலாமே" என்றார். பதினோரு வருடத் தடி, தண்ணீர் பாட்டிலும் சிகரெட் லைட்டரும் கிடந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் போயிற்று. நீளம் அதிகம் என்பதால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

சட்டம்தானே, என்ன செய்ய முடியும் என்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று ஊருக்கு வந்து தேடிப் பார்த்தேன். நம் நாட்டு விமானக் கம்பெனிகள் பல, கைப்பையோடு கூடுதலாக எடுத்துப் போகலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பெண்களின் கைப்பை, கம்பளி, கேமரா, குழந்தைக்குப் பால் என்று போகும் அந்தப் பட்டியலில் கைத்தடியும் இருக்கிறது. மடக்கு நாற்காலிக்கும் கவட்டுக்கட்டைக்கும் மட்டும், பயணி அதை நம்பி நடப்பவராக இருந்தால், என்று நிபந்தனை. கைத்தடிக்கு அப்படி ஒரு நிபந்தனையைக் காணோம். இன்னொரு பக்கம், பாதுகாப்புக்காரர்களின் தடைப் பட்டியல். அதில் கிரிக்கெட் மட்டை, ஹாக்கி மட்டை, பனிச்சறுக்குக் கோல். இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் விழுகிறது என்னைப் போன்றவனின் தடி. அது எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பது அன்றைக்கு அந்த வாசலில் நிற்பவர். அவர் தடியைப் பார்ப்பதில்லை, நம் காலைப் பார்க்கிறார்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். அங்கே ஊன்றுகோல் உள்ளே போகலாம், மலையேற்றக் கோல் கூடாது. 2013 மார்ச்சில் சின்னக் கத்தி, பனிச்சறுக்குக் கோல், ஹாக்கி மட்டை, இரண்டு கோல்ஃப் மட்டை வரை உள்ளே விடுகிறோம் என்று அறிவித்தார்கள். விமானப் பணிப்பெண்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூனிலேயே கைவிட்டார்கள். அந்தப் பெண்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அடைத்த அறையில், முப்பதாயிரம் அடி உயரத்தில் வேலை செய்பவர்கள் அவர்கள். 1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய நம் விமானத்தைக் காந்தஹாருக்குக் கொண்டுபோனதை நாமெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். அதனால் இரும்பு முனை வைத்த மலையேற்றக் கோலை உள்ளே விடு என்று நான் கேட்கவில்லை. அது பெட்டியோடு போகட்டும். மடக்கினால் பெட்டிக்குள் அடங்கும்.

நான் கேட்பது ரப்பர் நுனி வைத்த ஒரு மூங்கில். உள்ளே கத்தி ஒளித்திருந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். அடிக்கலாமே என்றால், நொண்டுபவர் தடியாலும் அடிக்கலாம். வெளிநாட்டு முனையத்துக் கடையில் வாங்கிய கண்ணாடிச் சாராய பாட்டிலோடு விமானத்தில் ஏறுகிறார்களே, அது மண்டையில் பட்டால் என்ன ஆகும்?

விதியை வளைக்கவே முடியாது என்பதும் பொய். 2022-லும் 2024-லும் சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக பி.சி.ஏ.எஸ். அனுமதி கொடுத்தது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆயிரக்கணக்கான ஐயப்பமார் கேட்டார்கள், கிடைத்தது. கிழவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் விடுவாரா? "நாமதானே சார் தண்டாயுதபாணின்னு தடியை ஆயுதமாக்கினோம்" என்று கிண்டல் செய்தார். சரி, அந்தப் பழனியாண்டி நொண்டியா? தண்டிக்குப் புறப்பட்டபோது காந்திக்கு 60 வயது. 24 நாளில் சுமார் 385 கிலோமீட்டர், மூங்கில் தடியோடு. நம் திருவண்ணாமலைக் கடைகளில் தொங்குகிறதே, ரமணர் கைத்தடியும் கமண்டலமுமாக நிற்கும் படம்? நெடுந்தூரம் நடப்பவன் கையில் தடி இருப்பது நம் நாட்டில் என்றைக்கு விசித்திரமாயிற்று?

எனக்கு எரிவது இதுதான். வயதானவன் விமானத்தில் ஏற வேண்டுமானால் நோயாளியாக வர வேண்டும். டாக்டரிடம் கடிதம் வாங்கி வையுங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். என்ன என்று எழுதுவார் அவர்? இவரால் நடக்க முடியாது என்றா? 32 கிலோமீட்டர் ஏறி இறங்கப் போகிறவனுக்கா? கால் நன்றாக இருந்தும் சக்கர நாற்காலிக்குப் பதிவு செய்துவிட்டு, வரிசையைத் தாண்டி ஜம்மென்று போகிறவர்கள் நம் வயதுக்காரர்களிலேயே எத்தனை பேர்! உண்மையாக முடியாதவர் ஓரமாகக் காத்துக் கிடக்கிறார். அந்தப் பொய்யைச் சொல்லத் தெரியாதவன் தடியைத் தொட்டியில் போட வேண்டும்.

மீதிக் கதையையும் கேளுங்கள். கௌரிகுண்டில் கோல் விற்கிறார்கள், நம் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பது போல. ஒன்று வாங்கினேன். கோணல், என் கைக்கு உயரம் அதிகம், நுனியில் ரப்பரும் இல்லை. ஏறிவிட்டேன். இறங்கும்போது முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து வேறொரு விமான நிலையத்தில் அந்தக் கோலோடு நிஜமாகவே நொண்டிக்கொண்டு நின்றேன். அங்கிருந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் ஓட்டி, "மெதுவாக வாருங்கள், அங்கிள்" என்று கையில் கொடுத்தார். இழைத்து ரப்பர் மாட்டிய தடி ஆயுதம், அரைகுறையாகச் சீவிய கொம்பு ஊன்றுகோல்!

அறுபது தாண்டியவரின் மரத்தடி, ரப்பர் நுனியோடு, எக்ஸ்ரே பார்த்தபின் உள்ளே போகலாம் என்று ஒரே வரியில் எழுதி, கவுண்டரில் தமிழிலும் ஒட்டட்டும். காலைப் பற்றிக் கேள்வி வேண்டாம். அதுவும் முடியாதென்றால், குழந்தையின் தள்ளுவண்டியை விமான வாசலில் வாங்கிக்கொண்டு இறங்கும்போது திருப்பிக் கொடுக்கிறார்களே, அதே போல் தடியையும் வாங்கி வைக்கட்டும். காசா செலவு?

தில்லிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எந்த வருடம், எப்படிப்பட்ட தடி, என்ன சொல்லி வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன். உள்ளூர்க்காரர்கள் வருகிற பௌர்ணமிக்கு நேரிலேயே சொல்லலாம். அந்தக் கௌரிகுண்ட் கோலை நாலு விரற்கடை அறுத்து, ரப்பர் மாட்டி வைத்திருக்கிறேன்.