சண்டை கேமுக்குக் கதை எதற்கு?



வீடியோ கேம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் "பொண்ணுங்களுக்கு அதைப்பத்தி என்ன தெரியும்?"னு நம்ம வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் விளையாடியதில்லைதான். வேறொருவர் விளையாடி யூடியூபில் போட்டதை காலேஜ் படிக்கும் எங்க அக்காவின் செல்போனில் பார்த்தேன். அது பெரியவர்களுக்கான கேம் என்பதால், ரத்தம் வரும் இடத்தை எல்லாம் அக்கா தள்ளித் தள்ளி ஓட்டிவிட்டாள். (பரீட்சை முடிந்த பிறகுதான் பார்த்தேன் டீச்சர்!)

அந்த கேமின் பெயர் காட் ஆஃப் வார். முதல் பாகம் 2005-ல் வந்தது. கிரேட்டோஸ் என்ற கிரேக்க வீரன் ஏமாற்றப்பட்டு, தன் மனைவியையும் மகளையும் தானே கொன்றுவிடுகிறான். அவர்கள் சாம்பல் அவன் உடம்பில் ஒட்டிக்கொண்டு தோலே வெளுத்துப் போகிறது. அந்தக் கோபத்தில் கடவுள்களை ஒவ்வொருத்தராக வெட்டுகிறான். 2010-ல் வந்த மூன்றாம் பாகத்தில் தன் அப்பா சீயஸையே கொல்கிறான். வெட்டு, குத்து, கத்தல். அதற்கு மேல் போக வழியில்லை.

2018-ல் அதே ஆளை வைத்து வேறு மாதிரி செய்தார்கள். கோரி பார்லாக் என்பவர் இயக்குநர். 2007-ல் வந்த இரண்டாம் பாகத்தையும் இவர்தான் இயக்கினார். நடுவில் இவருக்கு ஒரு பையன் பிறந்துவிட்டான். புது கேமில் கிரேட்டோஸுக்கும் தாடி வைத்து வயதாகி, அட்ரியஸ் என்று ஒரு பையன் இருக்கிறான். அம்மா இறந்துவிட்டாள். அவள் அஸ்தியை உயரமான மலை உச்சியில் தூவ அப்பாவும் பையனும் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. நம்ம ஊரில் அஸ்தி கரைக்க ஒகேனக்கல் போவோமே, அது மாதிரி.

அந்த அப்பா பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே அபூர்வம். "டேய்" என்கிற மாதிரிதான் கூப்பிடுவார். தோளில் கை வைக்க வருவார், பாதியிலேயே கையை எடுத்துக்கொள்வார். எனக்கு அங்கே தொண்டை அடைத்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒரு தடவை வரும் அப்பாக்கள் நம்ம ஊரில் நிறைய பேர். வந்தாலும் "சாப்பிட்டியா, படிக்கிறியா" தவிர வேறு பேச்சு வராது. பாசம் இல்லாமலா?

"சண்டை கேம்ல அழுகாச்சி எதுக்கு, போர் அடிக்கும்" என்பது பையன்கள் கட்சி. நான் கேட்கிறேன், அடி எப்போது வலிக்கும்? அடிக்கிறவன் யார், வாங்குகிறவன் யார் என்று தெரிந்தால்தானே? பால்டர் என்பவனுக்கு எதுவும் வலிக்கக்கூடாது என்று அவன் அம்மா ஃப்ரேயா மந்திரம் போட்டுவிடுகிறாள். வலி மட்டுமா, ருசி, குளிர் எல்லாம் போய்விடுகிறது. அந்தக் கோபத்தில் அவன் அம்மாவையே கொல்லப் பார்க்கிறான். கிரேட்டோஸ் அவனைக் கொன்று அவளைக் காப்பாற்றுகிறார். காப்பாற்றியவரையே அவள் சபிக்கிறாள்! ஜெயித்தும் ஜெயித்த மாதிரி இல்லை. பழைய பாகங்களில் செத்தவர்களுக்கு இப்படி அழ எத்தனை பேர் இருந்தார்கள்?

இது ஒன்றும் வெளிநாட்டுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. நம்ம தர்மபுரிதான் அந்தக் காலத் தகடூர். நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி இங்கே ஆண்டவர். அவர் போர்க்கோலத்தோடு வந்து, பிறந்த மகனைப் பார்க்கும் காட்சியை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண் பிள்ளையைப் பார்த்தும் மாறவில்லையாம். கிரேட்டோஸ் முகமும் அப்படித்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கேமிலும் மனைவி செத்துப்போகிறாள், புது கேமிலும் முதலிலேயே செத்துப்போகிறாள். ஆம்பளைக்குக் கதை வர வேண்டுமானால் வீட்டில் ஒரு அம்மா சாம்பலாக வேண்டுமா? 2022-ல் வந்த அடுத்த பாகத்தில் அவளைக் கனவில் காட்டினார்கள். கனவில்தான்!

அதியமானை வைத்து யாராவது கேம் செய்தால் ஔவையாரையும் விளையாட விடுங்கள். தொண்டைமானிடம் தூது போகிற கட்டம் எனக்கு. ஒரு வாள்கூட எடுக்காமல் பேச்சிலேயே ஆட வேண்டிய கட்டம் அது. பையன்கள் வேண்டுமானால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி