சாரதியின் நாணயம்

நள்ளிரவில் தருமபுரி ரயிலடியில் வந்திறங்கும் ஒருவன், வாசலில் நிற்கும் வாடகைக் காரில் ஏறி, ஒகேனக்கலுக்கு விடச் சொல்லிக் கண்ணயர்கின்றான். தன்னுயிரையும், மனைவி மக்களையும், பெட்டி பேழைகளையும் அவன் ஒப்புவிப்பது யாரிடம்? பேரும் ஊரும் அறியாத ஒருவனிடமன்றோ! வைத்தியரையும் வக்கீலையும் பலரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறோம். சாரதியையோ, வரிசையில் முன்னிற்பவன் என்பதொன்றே பற்றி ஏற்றுக்கொள்கிறோம். ஆதலின், நாம் ஆராயவியலாத அவனது ஒழுக்கத்தை அரசாங்கமே முன்னர் ஆராய்தல் கடன் என்பது என் துணிபு.

சட்டம் இதனை முற்றிலும் மறந்ததன்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றமே தொழிலாகக் கொண்டவனுடைய உரிமத்தையும் குடியில் மூழ்கியவனுடைய உரிமத்தையும் பறிக்க இடந்தருகின்றது. 1989ஆம் ஆண்டு விதிகளுள் 21ஆவது, பிரயாணியைத் தாக்குதலையும் அவர் பொருளைத் திருடுதலையும் அத்தகைய குற்றங்களாக எண்ணுகின்றது. ஆயினும் இவையெல்லாம் தீங்கு நேர்ந்த பின்னர் வரும் தண்டனைகளே. மேலும், இலகுரக வண்டிக்கு உரிமம் பெற்றவன் அவ்வகை வாடகை வண்டியையும் தனி அனுமதியின்றி ஓட்டலாமென 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் அரசியல் சாசன அமர்வும் அதனை உறுதிசெய்தது. ஆகவே, தன் காரை ஓட்டுவானுக்கும் பிறரை ஏற்றிப் பிழைப்பானுக்கும் உரிமத்தளவில் வேற்றுமை இல்லாதாயிற்று. கைப்பேசிவழி வண்டி அனுப்பும் கம்பெனிகள் போலீஸ் விசாரணைக்குப் பின்னரே சாரதிகளைச் சேர்த்தல் வேண்டுமென 2020இல் மத்திய அரசு நெறி வகுத்தது மெய்யே. சிற்றூர் ஸ்டாண்டில் தன் வண்டியோடு நிற்பவனை அந்நெறி கட்டுப்படுத்துமோ?

காகிதம் மட்டும் காவலாகாது என்பதும் கண்கூடு. 2014 டிசம்பரில் டில்லியில் வாடகைக் கார்ச் சாரதி ஒருவன் தனியே வந்த பெண்ணைக் கெடுத்தான். 2015இல் ஆயுள்தண்டனை பெற்றான். அவன் முன்னரே குற்றவழக்குகளிற் சிக்கியவன். அவன் காட்டிய நன்னடத்தைப் பத்திரமோ பொய்யென வெளிப்பட்டது.

"ஒருகால் தவறியவன் என்றும் பிழைக்கலாகாதோ?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. இளமையிற் கைகலந்து அபராதம் செலுத்தியவனையும், பிரயாணியிடம் கொள்ளையிட்டவனையும் ஒரே தட்டில் நிறுத்தல் முறையன்று. வழக்கில் சேர்க்கப்பட்டமை வேறு; குற்றம் நிரூபணமானமை வேறு. ஆகையால் குற்றத்தின் தன்மையும் அதன்பின் கழிந்த ஆண்டுகளும் எண்ணப்படல் வேண்டும். மறுக்கப்பட்டவனுக்குத் தன் வழக்கை எடுத்துரைக்கவும் மேல்முறையீடு செய்யவும் வழி வேண்டும். 19ஆம் பிரிவிலேயே இவ்விரண்டும் உள.

யான் வேண்டுவன மூன்றே. வாடகை வண்டி ஓட்டுவோர்க்குத் தனிப் பதிவு வேண்டும். நன்னடத்தைச் சான்று விண்ணப்பதாரர் கையில் வராது, போலீஸ் நிலையத்தினின்று உரிம அதிகாரிக்கு நேரே செல்லுதல் வேண்டும். சில ஆண்டுகட்கொருமுறை அது புதுப்பிக்கப்படல் வேண்டும். இங்கிலாந்தில் லண்டனுக்குப் புறம்பான ஊர்கட்கு ஏற்பட்ட 1976ஆம் ஆண்டுச் சட்டம், தக்கவனும் யோக்கியனும் என்று அதிகாரி திருப்தியுற்றாலன்றி இவ்வுரிமம் வழங்கலாகாதென்கின்றது. நமக்கும் அது ஆகாததன்று.

இதனால் முதற்பயன் பெறுவோர் நேர்மையுள்ள சாரதிகளே. மறந்துபோன பணப்பையைத் தேடிவந்து கொடுப்பவனும், ஒரு கயவனால் பழிக்கப்படும் கூட்டத்தில் ஒருவனாகவே இன்று எண்ணப்படுகின்றான். தொப்பூர்க் கணவாயின் சரிவில் கையின் திறமை ஒருநாளிற் புலப்பட்டுவிடும். மனத்தின் செம்மையோ விசாரித்தாலன்றி விளங்காது.