கடலடியில் கிடைத்த மோதிரம்



விடுமுறையில் தியோமான் தீவில் முக்குளித்துத் திரும்பிய பெற்றோர் ஒருவர், உலோகத்தைக் கண்டறியும் கருவியால் கடலடி மணலில் தேடியெடுத்த தங்க மோதிரத்தை என்னிடம் காட்டினார். உட்புறத்தில் இரு பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. "கடலில் கிடைத்தது எடுத்தவனுக்குத்தானே, ஐயா?" என்றார். என் மாணவனான அவர் மகன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்று. நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 403ஆம் பிரிவு, கண்டெடுத்த மோதிரத்தையே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. உரியவரைத் தேட முயலாது உடனே விற்பவர் குற்றவாளி. (சட்டம் எழுதியவர்களுக்கும் மோதிரந்தான் நினைவுக்கு வந்திருக்கிறது!) நூறாண்டுகள் நீரில் கிடந்த பழம்பொருளாயின் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் குறுக்கிடும். கண்டவர் அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும். அத்தகைய பொருளைத் தேடி அகழ்வதற்கோ உரிமம் வேண்டும். தியோமானைச் சூழ்ந்த கடல் பூங்காவில் அனுமதியின்றிப் பவளத்தையும் மணலையும் எடுப்பதே குற்றம்.

1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' போர்க்கப்பல்களுக்கு இன்னும் நூறாண்டு ஆகவில்லை. ஆயினும் ஏறத்தாழ 840 பேர் மாண்ட இடங்கள் அவை. அவற்றை இரும்புக்காக உடைத்தெடுத்தவர்களைத் திருடர் என்று தயங்காமல் சொல்கிறோம். நம் கையில் கருவி இருக்கும்போது மட்டும் அதனைப் பொழுதுபோக்கு என்பது எனக்கு ஏற்புடையதன்று.

மகனையும் அழைத்துச் சென்று காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கூறினேன். தலையசைத்தார், மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.