மெட்டலர்ஜி மீது ஆறு குற்றச்சாட்டுகள்

பிளஸ் டூ முடிவு வந்து கலந்தாய்வு நெருங்கும் வாரங்களில், மெட்டலர்ஜி என்ற பெயர் பல வீடுகளில் ஒருமுறைதான் எழும். "கட் ஆஃபுக்கு பி.எஸ்.ஜி.யில அது ஒண்ணுதான்ப்பா கிடைக்கும்போல" என்பாள் மகள். "இரும்பு உருக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்பார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்நாட்டில் கோவை பி.எஸ்.ஜி., சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இளநிலையில் இந்தப் படிப்பு இருக்கிறது. தெருவுக்கு நாலு மெக்கானிக்கல் இன்ஜினியர் இருக்கும் நாட்டில், உலோகவியல் படித்த ஒருவரைக்கூடச் சந்திக்காமல் ஒரு குடும்பம் காலத்தை ஓட்டிவிடலாம். யாரும் நேரில் பார்க்காத படிப்பைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் உண்மையாகிவிடுகிறது. அப்படி உண்மையாகிவிட்ட ஆறு குற்றச்சாட்டுகளை, அந்தப் பாடம் உண்மையில் கற்றுத் தருவதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

1. "இது இரும்பு உருக்கும் படிப்பு"

உலை பாடத்தில் உண்டு. தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது, ஊதுலையில் இரும்பு எடுப்பது, அதை எஃகாக்குவது, செம்பு, துத்தநாகம், அலுமினியம் எடுப்பது ஆகியவற்றுக்குத் தனித் தாள்களே இருக்கின்றன. ஆனால் எட்டுப் பருவங்களில் அது ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி, உலோகம் கெட்டியான பிறகு அதற்குள் நடப்பதைப் பற்றியது.

0.8 விழுக்காடு கார்பன் உள்ள எஃகுத் துண்டுகள் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் 800 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, ஒன்றை உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட வேண்டும். இன்னொன்றை எடுத்த சூட்டோடு தண்ணீரில் போட வேண்டும். பிறகு மாணவர் இரண்டையும் எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் சிறிது கலந்த ஆல்கஹாலில் சில நொடி காட்டி, நுண்ணோக்கியின் அடியில் வைப்பார். மெல்ல ஆறியதில் இரும்பும் கார்பைடும் வரிவரியாக அடுக்கியிருக்கும்; அதற்குப் பேர்லைட் என்று பெயர். தண்ணீரில் விழுந்ததில் அந்த வரிகளே இருக்காது. விலகிப் போகக் கார்பன் அணுக்களுக்கு நேரம் கிடைக்காததால், அவை சிக்கிக்கொண்ட மார்ட்டன்சைட் என்ற வேறொரு அமைப்பு தெரியும். முதல் துண்டை ஓரளவு வளைக்கலாம். இரண்டாவதைச் சுத்தியலால் அடித்தால் தெறித்துவிடும். வேதியியல் ஆய்வுக்கு அனுப்பினாலோ இரண்டும் ஒரே எஃகு என்றுதான் அறிக்கை வரும்.

கலவை ஒன்றாக இருக்கும்போது குணம் ஏன் மாறுகிறது? நான்கு ஆண்டுப் படிப்பும் இந்த ஒரு கேள்வியின் விரிவுதான். வார்ப்பு, வெல்டிங், உருட்டு ஆலை, ஹீட் ட்ரீட்மென்ட், பவுடர் மெட்டலர்ஜி, துருவும் அரிப்பும், எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது, செராமிக், பாலிமர் என்று தாள்களின் பெயர்கள் மாறிக்கொண்டே போகும். செய்முறை உள்ளமைப்பை எப்படி மாற்றுகிறது, உள்ளமைப்பு குணத்தை எப்படி மாற்றுகிறது என்பதைத்தான் எல்லாத் தாள்களும் கேட்கின்றன.

2. "மெக்கானிக்கல் எடுத்தால் இதுவும் அதற்குள் வந்துவிடும்"

அண்ணா பல்கலைக்கழக மெக்கானிக்கல் பாடத்திட்டத்தில் பொருள்களும் உலோகவியலும் பற்றி ஒரு தாள் இருந்துவருவது உண்மை. இரும்பு–கார்பன் வரைபடத்தை அந்த மாணவரும் வரைவார். ஆனால் உறுதி எண்ணைக் கையேட்டிலிருந்து எடுத்து, அதை வைத்து வடிவமைப்பதுதான் மெக்கானிக்கல்காரரின் வேலை. அந்த எண் எங்கிருந்து வந்தது, கையில் இருக்கும் இந்தத் துண்டுக்கு அது பொருந்துமா என்று கேட்பது உலோகவியலாளரின் வேலை.

இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு 1989 ஜூலை 19 சாட்சி. அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட யுனைடெட் ஏர்லைன்ஸ் டி.சி.-10 விமானத்தில், வால்பகுதி இன்ஜினின் விசிறித் தட்டு நடுவானில் வெடித்துச் சிதறியது. சிதறிய துண்டுகள் சேதம் விளைவித்ததில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. விமானத்தைத் திருப்பவோ நிமிர்த்தவோ வழக்கமான வழி எதுவும் மிஞ்சவில்லை. மற்ற இரு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து, 296 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

தட்டு டைட்டானியக் கலவையால் ஆனது. அந்த உலோகத்தை உருக்கிய கட்டத்தில், நைட்ரஜன் மிகுந்து கடினப்பட்ட ஒரு சிறு புள்ளி உள்ளே தங்கிவிட்டிருந்தது. அங்கே பிறந்த வெடிப்பு, இன்ஜின் ஓடி நின்ற ஒவ்வொரு தடவையும் சிறிது வளர்ந்தது. ஏறத்தாழ பதினேழு ஆண்டு அந்தத் தட்டு பறந்தது. ஒளிரும் சாயம் பூசி வெடிப்பைத் தேடும் சோதனையும் இடையில் நடந்தது; வெடிப்பு கண்ணில் படவில்லை. விசாரணையில் கிடைத்த விடையை மெட்டலர்ஜி பாடத்திட்டத்தில் பிரித்துப் போட்டால் நான்கு தாள்களில் விழும்: உருக்குதல், படிகக் குறைகள், உலோகச் சோர்வு, சிதைக்காமல் சோதிக்கும் முறைகள். ஒரு பருவத்து ஒற்றைத் தாள் இந்தச் சங்கிலியைத் தொட்டுக் காட்டும். கண்ணி கண்ணியாகப் பின்தொடரப் பயிற்சி தராது.

3. "கணக்கு வராதவர்கள் எடுக்கும் மனப்பாடப் படிப்பு"

பெயர்கள் நிறைய இருப்பதால் வந்த எண்ணம் இது. பேர்லைட், பெய்னைட், மார்ட்டன்சைட் என்று வாய்ப்பாடு ஒப்பித்துத் தேறிவிட முடியும் என்று முதலாண்டில் நினைப்பவர்களும் உண்டு. வெப்ப இயக்கவியல் தாள் வந்ததும் அந்த நினைப்பு கலைந்துவிடும்.

இரும்புத் தாதுவோடு கரியைச் சேர்த்துக் காய்ச்சினால் இரும்பு வருகிறது. பாக்சைட்டோடு கரியைச் சேர்த்தால் அலுமினியம் ஏன் வருவதில்லை? எல்லிங்ஹாம் 1944இல் வெளியிட்ட வரைபடத்தில் விடை இருக்கிறது. ஒவ்வோர் உலோகமும் ஆக்ஸிஜனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை வெப்பநிலையோடு சேர்த்துக் கோடுகளாக அது காட்டும். கார்பனின் கோடு இரும்பின் கோட்டைச் சுமார் 700 டிகிரியிலேயே வெட்டிவிடுகிறது. அலுமினியத்தின் கோட்டை வெட்ட 2,000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதனால்தான் 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும் தனித்தனியே மின்சார வழியைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சேர்வராயன் மலை பாக்சைட்டை மேட்டூரில் அலுமினியமாக்கிய ஆலைக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்று, பட்டறைக் கணக்கு. கியர் பற்களின் மேல்தோல் மட்டும் கடினமாக வேண்டும் என்பதற்காக, கார்பன் நிறைந்த வாயுவில் 900 டிகிரிக்கு மேல் வைத்துக் கார்பனை உள்ளே ஊறவிடுவார்கள். 4 மணி நேரத்தில் கிடைக்கும் ஆழத்தைப்போல் இரு மடங்கு வேண்டுமானால் எத்தனை மணி? 8 இல்லை, 16. ஊறும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதைச் சொல்லும் சமன்பாட்டை எழுதித் தீர்க்கத் தெரியாதவர் விலைப்புள்ளி கொடுத்தால் கரண்ட் பில்லிலேயே நஷ்டப்படுவார்.

4. "எல்லாம் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது"

துறை பழையதுதான். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1923லேயே இதற்குப் பட்டப்படிப்பு தொடங்கியாகிவிட்டது. அதற்காகத் துறை தேங்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.

1982இல் டான் ஷெக்ட்மன் வேகமாகக் குளிரவைத்த அலுமினியம்–மாங்கனீஸ் கலவையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, படிகவியல் விதிகள் அனுமதிக்காத ஒரு சமச்சீர்மை தெரிந்தது. பலர் நம்ப மறுத்தார்கள். 2011இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு முதன்மை உலோகம், அதில் சிறிது சிறிதாக மற்றவை என்பதே காலங்காலமாகக் கலவையின் இலக்கணம். ஐந்தோ அதற்கு மேலோ உலோகங்களை ஏறத்தாழச் சம பங்கில் சேர்த்தால் என்ன என்று 2004இல் தைவானிலும் இங்கிலாந்திலும் கேட்டார்கள். 'ஹை என்ட்ரோபி' கலவைகள் என்ற புதிய கிளை அப்படிப் பிறந்தது. அதைப் பற்றிய முக்கியமான நூல் ஒன்று 2014இல் வந்தது. ஆசிரியர் மூவரில் பி.எஸ். மூர்த்தி அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பேராசிரியர், எஸ். ரங்கநாதன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்.

இனி வரப்போகும் பெரிய வேலை எஃகிலேயே இருக்கிறது. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. கார்பனுக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு ஆக்ஸிஜனை நீக்கினால் வெளியேறுவது நீராவி. சுவீடனில் 2021இல் இந்த முறையில் எஃகு செய்து வாடிக்கையாளருக்கு அனுப்பிக் காட்டினார்கள். ஆனால் ஹைட்ரஜன் வினை வெப்பத்தை உறிஞ்சும். உலைக்குள் கார்பனுக்காகப் போட்டு வைத்த வெப்பக் கணக்கு முழுவதையும் மாற்றிப் போட வேண்டும். உலகில் அதிக எஃகு செய்யும் நாடுகளில் இரண்டாவது இடத்தில் இருக்கும் இந்தியாவில் அதைப் போட ஆள் தேவைப்படும்.

5. "பெண்களுக்கு ஒத்துவராது"

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்தில் அமைதியான நீரில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் பலவற்றிலும் இப்படி வெடிப்பு ஓடியது. ரிவெட்டை விட்டு வெல்டிங்குக்கு மாறியதுதான் குற்றம் என்று பேச்சு எழுந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் உலோகவியலாளர் எஃகையே சோதித்தார். ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனால் அந்த எஃகு வளையும் குணத்தை இழந்து நொறுங்கும் குணத்துக்கு மாறுகிறது என்று காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டோடு நின்றுவிடக்கூடிய வெடிப்பு, வெல்டிங் செய்த கப்பலில் தகடு விட்டுத் தகடு ஓடியது. இன்று மாணவர்கள் ஆய்வகத்தில் சார்ப்பி இயந்திரத்தின் ஊசலால் குளிரூட்டிய துண்டை அடித்து உடைப்பது இதே மாற்றத்தை அளக்கத்தான். உலைக்களத்தில் சூடும் இரவு ஷிப்ட்டும் இருக்கின்றன. அவை ஆணுக்கும் சுகமானவை அல்ல, துறை முழுவதும் அவையும் அல்ல.

6. "என்ன படித்தாலும் கடைசியில் ஐ.டி.க்குத்தான்"

இதில் பாதி உண்மை. மெட்டலர்ஜி முடித்தவர்களில் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறவர்கள் கணிசம். வளாகத்துக்கு வரும் கோர் கம்பெனிகள் குறைவு. பெரிய எஃகு ஆலைகள் ஜாம்ஷெட்பூர், ரூர்கேலா, பொக்காரோ என்று வீட்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன. ஆனால் மெக்கானிக்கலிலும் சிவிலிலும் இதே கதைதான். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான நிலைமையை ஒரு பிரிவின் குற்றமாக எழுதுவது நியாயமல்ல.

மறு பாதியைப் பாருங்கள். கேட் தேர்வில் உலோகவியலுக்குத் தனித் தாள் இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகவியல் வலுவான பிரிவு. கோவை ஃபவுண்டரிகளிலும், சேலம் உருக்காலையிலும், ஓசூர், ராணிப்பேட்டை வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளிலும் உலோகம் தெரிந்தவருக்கு இடம் உண்டு. திருச்சி பெல் கொதிகலன்களில் 9 விழுக்காடு குரோமியம் சேர்ந்த எஃகுக் குழாய்கள் வருகின்றன. வெல்டிங் முடிந்ததும் அவற்றைச் சுமார் 750 டிகிரியில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். சூடு 800 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெளியே ஒரு தடயமும் தெரியாது; சில ஆண்டு கழித்து அழுத்த நீராவி ஓடும்போதுதான் குழாய் சொல்லும். அந்தச் சூட்டு வரைபடத்தைப் படித்துக் கையெழுத்துப் போடும் வேலைக்கு இந்தப் படிப்பு நேரான தகுதி.

வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணங்களும் இருக்கின்றன. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து வரும் கேள்விகள் பிடிக்காதவர்கள் இதில் நான்கு ஆண்டு திணறுவார்கள். சொந்த ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு வாய்ப்புகள் சுருங்கும். ஆய்வகம் பெயருக்கு இருக்கும் கல்லூரியில் இதைப் படிப்பது வீண். ஆகவே விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன் கல்லூரியில் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதிரியை நீங்களே மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறீர்களா, ஆசிரியர் காட்டுவதை எட்டிப் பார்க்கிறீர்களா? கோடை விடுமுறையில் எந்த ஆலையில் பயிற்சிக்குப் போனீர்கள்? பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தக் கல்லூரியை விட்டுவிடலாம். பாடத்தையே ஒதுக்க அது காரணமாகாது.